நிற்கும் கார்களைத் தொட அனுமதியுங்கள்: நம் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழு உறுப்பினர்களுக்கும், கீழ்த்தளத்தில் கார் நிறுத்தியிருக்கும் அண்டை வீட்டார் அனைவருக்கும் வணக்கம். உரிமையாளர் ஊரில் இல்லாதபோது அவர் காரை யாரும் தொடக்கூடாது என்ற நம் விதியில் ஒரு விலக்கு கேட்டு இதை எழுதுகிறேன்.

2024 ஆகஸ்டில் மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரரும் அமெரிக்கா கிளம்பினோம். பிரிட்ஜைத் துடைத்துத் திறந்து வைத்தோம், கேஸை மூடினோம், துளசிக்குத் தண்ணீர் ஊற்ற எதிர்வீட்டில் சொல்லி வைத்தோம். காருக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, உறையைப் போர்த்திவிட்டு வந்துவிட்டேன். பிப்ரவரியில் திரும்பி வந்து உறையை எடுத்தால், வண்டி இடதுபக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. இடது பின்சக்கரம் தரையோடு உட்கார்ந்திருந்தது. காற்றை அளந்து பார்த்ததில் 14 பாயிண்ட் (psi). மற்ற மூன்றிலும் 22, 23. போகும்போது நான்கிலும் 33 இருந்தது.

கால் பம்ப்பை இரவல் வாங்கிக் காற்றடித்து, பக்கத்துக் காரிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்து, மேடவாக்கம் சாலைக்கு வந்தேன். வேகம் 40-ஐத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் தடக், தடக், தடக் என்று அடி. வேகம் கூடக்கூட அடியும் நெருங்கியது. ஸ்டியரிங் நடுங்கியது. ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். வண்டியை ஜாக்கியில்கூட ஏற்றிப் பார்க்காமல், “நாலும் போச்சு மேடம், மாத்திடுங்க” என்று 22,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டார்கள். டயரின் பக்கவாட்டில் 1122 என்று அச்சாகியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். மூன்று வயதுகூட ஆகாத டயர்கள்.

மனசு கேட்காமல் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடைக்குப் போனேன். அந்தப் பெரியவர் ஒவ்வொரு டயரையும் ஒரு முழுச் சுற்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வெடிப்பு இருக்கிறதா, எங்காவது புடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “அவசரப்படாதீங்கம்மா. 36 வச்சுத் தரேன். நல்லா சூடாகுற மாதிரி நிதானமா ஒரு ஓட்டம் போயிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்” என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 50, 60-ஐத் தாண்டாமல் மாமல்லபுரம் வரை போனேன். கோவளம் வருவதற்குள்ளேயே சத்தம் பாதியாகிவிட்டது. திரும்பி வரும்போது இடது பின்பக்கம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு டயர் வட்டத்துக்குத் திரும்பவே இல்லை. அதில் வால்வு வழியாகக் காற்று கசிந்திருந்தது. ஸ்டெப்னியை அங்கே மாட்டிவிட்டு, ஸ்டெப்னிக்கு ஒரு புது டயர் வாங்கினேன். நான்குக்கு ஒன்றோடு போயிற்று.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிற்கும் காரின் மொத்த எடையும், ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளங்கை அகலமே உள்ள ஓரிடத்தில்தான் இறங்குகிறது. சின்னக் கார் என்றாலும் ஒரு டயருக்கு 200 கிலோவுக்கு மேல் வரும். டயருக்குள் எஃகுப் பட்டைகளுக்கு மேல் நைலான் இழை சுற்றியிருப்பார்கள். ஓடிச் சூடான நைலான் இளகும். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அழுந்திய வடிவிலேயே ஆறி இறுகிவிடும். மறுபடி ஓடிச் சூடானால் பழைய வட்டத்துக்கு வந்துவிடும். என் மூன்று டயர்கள் பிழைத்தது இதனால்தான். ஆனால் பஞ்சரே இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் தானாகவே குறையும். காற்று குறையக் குறைய அழுந்தும் இடம் பெரிதாகிறது. மாதக்கணக்கில் அப்படியே விட்டால் ரப்பரும் அந்த மடிப்புக்குப் பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் பயனில்லை.

சரி, இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். “உரிமையாளர் ஊரில் இல்லாதபோது அவர் காரை யாரும் தொடக்கூடாது, செக்யூரிட்டி யாரிடமும் சாவி வாங்கக்கூடாது” என்று நாம் ஒரு விதி வைத்திருக்கிறோம். அது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். நல்லெண்ணத்தில் நகர்த்தப்போன கார் தூணில் உரசி, இரண்டு குடும்பங்கள் இன்றும் பேசிக்கொள்வதில்லை. அந்தக் கூட்டத்தில் நானும்தான் கை தூக்கினேன். ஆனால் அதே விதியால் இன்று ஏழு கார்கள் அசையாமல் நிற்கின்றன. அவற்றில் நான்கின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

ஓட்டச் சொல்லவில்லை, தள்ளினால் போதும். என் காரின் 14 அங்குலச் சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். கால் சுற்றுக்கு ஒன்றரை அடி. நம் பார்க்கிங் கட்டம் 16 அடி, என் கார் பன்னிரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல். மூன்று அடி மிச்சம் இருக்கிறது. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, 15 நாளுக்கு ஒருமுறை ஒன்றரை அடி தள்ளினால், எடை இறங்க மூன்று வெவ்வேறு இடங்கள் கிடைத்துவிடும். நான் கீழே போய் டேப் வைத்து அளந்துதான் எழுதுகிறேன்.

ஆகவே விதியில் ஒரு விலக்கு கேட்கிறேன். ஊருக்குப் போகிறவர் விரும்பினால் கையெழுத்துப் போட்டுச் சாவியை அலுவலகத்தில் கொடுக்கட்டும். இரண்டு பேர் சேர்ந்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், நியூட்ரலில் வைத்துத் தள்ளட்டும். தேதியை நோட்டில் எழுதட்டும். மாதம் ஒருமுறை காற்று பார்க்கட்டும். பேட்டரியில் ஓடும் சின்ன காற்று பம்ப் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, சங்கத்துக்கு ஒன்று வாங்கலாம். இந்த வேலையைச் செக்யூரிட்டி அண்ணன்களிடம் கொடுத்தால் அதற்குத் தனிக் கூலி கொடுக்க வேண்டும். அவர்கள் சம்பளத்துக்குள் இதையும் திணிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டோமேட்டிக் வண்டிகளை இக்னிஷன் போடாமல் நியூட்ரலுக்குக் கொண்டுவருவது சிரமம். அவற்றுக்கு என்ன செய்வது என்று உரிமையாளரே எழுதிக் கொடுக்கட்டும்.

நம்மில் பலர் உறவினரிடம் “வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடு” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். என்ஜின் ஓடினாலும் சக்கரம் அதே இடத்தில்தான் நிற்கிறது. புகை முதல் மாடிக் குழந்தைகளின் அறைக்குள் போகிறது.

கிளம்புகிறவர்கள் போகும் முன் 40 பாயிண்ட் வரை காற்று வைத்துவிட்டுப் போங்கள். டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அளவு போட்டிருக்கும், அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நான் இழுத்துவிட்டுப் போன பிரேக் ஒட்டிக்கொண்டு, விடுவதற்குள் படாத பாடு பட்டேன். திரும்பி வந்ததும் வண்டியை நகர்த்தும் முன்பே காற்றடியுங்கள். பெட்ரோல் பங்க் பக்கத்தில்தானே என்று காற்றில்லாத டயரில் உருட்டிக்கொண்டு போகாதீர்கள், பக்கச்சுவர் நசுங்கிவிடும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். கூடுதலாக வைத்த காற்றை அந்த அளவுக்கு இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

அடுத்த பொதுக்குழு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பி பிளாக் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் காரை இன்று காலை குனிந்து பார்த்தேன். வலது முன்சக்கரத்தில் ரிம்முக்கும் தரைக்கும் இடையில் மூன்று விரல்தான் நுழைகிறது. மஸ்கட்டில் இருக்கும் அதன் சொந்தக்காரரிடம் போனில் பேசிவிட்டேன். அவருக்குச் சம்மதம், சாவி தாம்பரத்தில் மாமனார் வீட்டில் இருக்கிறது. பொதுக்குழு வரை அந்த டயர் தாங்காது. செயற்குழு இந்த ஒரு காருக்கு மட்டும் இப்போதைக்கு அனுமதி கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கால் பம்ப்போடு நான் கீழே நிற்பேன். தள்ளுவதற்கு இன்னொருவர் வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்