கெட்டிமேளம்

அன்புள்ள கலா,

முதலில் நன்றாகத் திட்டி முடித்துவிடு. எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. வீடு மாறினோம், அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று சாக்குகள் உண்டு, உன்னிடம் எதுவும் எடுபடாது. அம்மா இப்போது மாடி ஏறுகிறாள், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தவளை மேடத்துக்குப் பேத்தி பிறந்திருக்கிறதாம். பாவம் அந்தக் குழந்தை, இனி அதுவும் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு, லேபில் தனியாக உட்கார்ந்து சுண்டெலியின் கருமுட்டைகளுக்குச் சாராயம் கொடுத்தேன். சிரிக்காதே. 7 சதவீத எத்தனால், ஆறு நிமிடம், அப்புறம் கழுவிவிட வேண்டும். கால்சியம் ஏறினால் ஒளிரும் சாயத்தை முன்பே உள்ளே ஏற்றியிருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பிரகாசமாயின. எழுந்து நின்றுவிட்டேன்.

ஏன் இத்தனை குதிப்பு என்பாய். கருமுட்டை தன் கடைசிப் பிரிதலைப் பாதியில் நிறுத்திவிட்டு விந்தணுவுக்காகக் காத்திருக்கும். விந்தணு கொண்டுவரும் ஒரு புரதம்தான் (பி.எல்.சி. சீட்டா, 2002இல் கண்டுபிடித்தார்கள்) முட்டைக்குள் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் ஏறியதும் பிரிதல் மறுபடி தொடங்கும், அடுத்த விந்தணு நுழையாதபடி வெளி உறை இறுகும். சாராயமும் அதே கால்சியத்தை எழுப்பிவிடுகிறது. மாப்பிள்ளை வரவே இல்லை, கெட்டிமேளம் கொட்டியாயிற்று!

ஆனால் தாளம் வேறு. சாராயத்துக்கு ஒரே ஒரு நீண்ட ஏற்றம்தான். எலியில் விந்தணு வந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்று நாலு மணி நேரம்வரை கால்சியம் ஏறி ஏறி இறங்கும். இன்னொன்று, அப்போதுதான் வெளிவந்த முட்டை லேசில் ஏமாறாது. பல மணி நேரம் காத்திருந்து அலுத்ததுதான் ஏமாறும். நம் மாலதி ஞாபகம் வந்தது, அவளிடம் சொல்லித் தொலைக்காதே. இப்படி விழித்த முட்டை பிரிந்துகொண்டு போகும், குட்டியாகாது. தந்தை வழி மரபணுக்களும் வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் அசீம் சுரானி 1984இலேயே காட்டிவிட்டார்.

இனி, நான் எழுதாததற்கு உண்மையான காரணம். 1980களின் தொடக்கத்தில் மேத்யூ காஃப்மன் இப்படி எழுப்பிய எலி முட்டைகளில் குரோமோசோம் கணக்கு தப்பியிருப்பதைப் பார்த்தார். கருத்தரிக்கும் சமயத்தில் எலிகளுக்கே நிறையச் சாராயம் கொடுத்தபோதும் அப்படி ஆனது. அதை நான் படித்த வாரத்தில்தான் உன் கடிதம் வந்தது. 'பாண்டிச்சேரி கல்யாணத்தில் குடித்த அந்த ஒரு கிளாஸ் வைனால்தான் கரு கலைந்ததா?' என்று கேட்டிருந்தாய். எனக்குக் கை ஓடவில்லை, மடித்து வைத்துவிட்டேன். அது தப்பு.

வியாழக்கிழமை பஸ்ஸில் போகும்போதுதான் கணக்குப் போட்டேன். நான் கொடுத்தது 100 மில்லிக்கு ஏறத்தாழ 5,500 மில்லிகிராம். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் போலீஸ் பிடிக்கும். அதைப்போல 180 மடங்கு! அந்த அளவு ரத்தத்தில் ஏறினால் மனுஷி உயிரோடு இருக்க மாட்டாள். என் கண்ணாடித் தட்டில் நடந்தது உன் வயிற்றில் நடக்க வழியில்லை. ஆரம்பத்திலேயே கலைபவற்றில் பாதிக்குமேல் குரோமோசோம் கோளாறுதான், பெரும்பாலும் தற்செயலாக வருவது, அதுவும் வயது ஏற ஏற. இனி முயற்சி செய்யும்போது வைனைத் தொடாதே, டாக்டர் சொல்வதும் அதுதான். ஆனால் அந்த ஒரு கிளாஸை ராத்திரி ராத்திரி கழுவிக்கொண்டிருக்காதே.

அந்த வீடியோவை அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுவேன், கோபத்தில் எடுக்காமல் இருந்துவிடாதே.

உன்,
வசந்தி