தரை இருக்கையில் ஒருவரை அமர்த்துங்கள்: சிமுலேட்டர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்துகொண்டு வார இறுதி இரவுகளில் ஒன்றாகப் பறக்கும் போர் விமான சிமுலேட்டர் குழுவினருக்கும், அவர்களுக்காக மிஷன் என்ற விளையாட்டுக் களத்தை அமைத்துத் தரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் தரைப்படையினர் எதிரிக்கு மிக அருகில் நின்று போரிடும்போது, அவர்களுடைய நகர்வோடும் சுடுதலோடும் ஒருங்கிணைந்து வானிலிருந்து தாக்கும் பணியைச் சி.ஏ.எஸ். (க்ளோஸ் ஏர் சப்போர்ட்) என்று சுருக்கிச் சொல்கிறோம். நம் குழுவில் அந்தப் பெயரில் இப்போது நடப்பது வேறொன்று. வரைபடத்தைத் திறந்து சிவப்புக் குறிகளைப் பார்த்துக்கொள்கிறோம்; திரையில் மிதக்கும் பெயர்ப்பட்டையின் மேல், டார்கெட்டிங் பாட் என்ற இலக்கு நோக்கும் கேமராவைத் திருப்புகிறோம்; மேவரிக் ஏவுகணைகள் தீரும்வரை ஏவுகிறோம்; கடைசியில் யார் எத்தனை டாங்கிகளை அழித்தார் என்று எண்ணிவிட்டுத் தூங்கப் போகிறோம். அதில் மகிழ்ச்சி இருப்பதை நான் மறுக்கவில்லை. எதிரி வாகனங்கள் மட்டுமே இருக்கும் வெற்றுப் பாலைவனத்தில் அதுவும் ஒரு முறையான பணிதான். நம்மவர் 600 மீட்டர் தள்ளி ஒரு வரப்பின் பின்னால் படுத்திருக்கும் களத்துக்கு மட்டும் அது பொருந்தாது. ஆகவே என் வேண்டுகோள் இது: சி.ஏ.எஸ். என்று அறிவிக்கப்படும் இரவுகளில், ஜேடாக் எனப்படும் தரைக் கட்டுப்பாட்டாளரின் இருக்கையில் கணினிக்குப் பதிலாக நம்மில் ஒருவர் அமர வேண்டும். அவருடைய அனுமதி இல்லாமல் ஒரு தோட்டாவும் வெளியேறக் கூடாது.

கணினி ஜேடாக் மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஏதுமில்லை. இலக்கைப் பற்றிய ஒன்பது வரி அறிவிப்பை அது தடுமாறாமல் சொல்கிறது. இலக்கைக் காட்டப் புகை போடச் சொன்னால் போடுகிறது. 1688 என்ற லேசர் குறியீட்டை அலுக்காமல் சொல்கிறது. அதனால் செய்ய முடியாதது சந்தேகப்படுவது. விமானி "தெரிகிறது" என்று சொல்லும் குரலில் இருக்கும் தயக்கத்தை அது கேட்காது. அவர் வருணிக்கும் பாலம் தான் சொன்ன பாலம்தானா என்று குறுக்குக் கேள்வி கேட்காது. நடைமுறையின் கனமெல்லாம் அந்தக் குறுக்குக் கேள்வியில்தான் இருக்கிறது.

நைன் லைன் என்ற அந்த ஒன்பது வரி அறிவிப்பு நம்மில் பலருக்கு மனப்பாடம். தொடக்கப் புள்ளி, அங்கிருந்து இலக்கின் திசை, தூரம், இலக்கின் உயரம், இலக்கின் விவரம், அதன் இருப்பிடம், அதைச் சுட்டும் அடையாளம், நம்மவர் இருக்கும் இடம், தாக்கிவிட்டு வெளியேறும் வழி ஆகியவற்றை மும்மூன்று வரிகளாக, இடையில் எழுத நேரம் விட்டு, விளக்கம் சேர்க்காமல் சொல்ல வேண்டும். பின்னர் தாக்குதலுக்கான கட்டுப்பாடுகள் வரும். நான்காம் வரியையும் ஆறாம் வரியையும் கட்டுப்பாடுகளையும் விமானி தவறாமல் திருப்பிப் படிக்க வேண்டும். நம் குழுவில் இந்தத் திருப்பிப் படித்தல் "காப்பி" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. உயரமும் இருப்பிடமும் ஏன் கட்டாயம் ஆக்கப்பட்டன என்பதை உணர்ந்தவர்கள் அப்படி முடிக்க மாட்டார்கள் என்பதால், அவற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

நாம் கடலோரத்துக்காரர்கள், நிலத்தின் உயரம் என்பது நமக்கு ஏறத்தாழக் கடல்மட்டம்தான். மலைப்பாங்கான வரைபடத்தில் பறக்கும்போது அந்தப் பழக்கம் ஆபத்தாகிறது. 20 பாகை (டிகிரி) சாய்வில் கீழே பார்க்கும் பாட் கேமராவுக்கு இலக்கின் உயரத்தை 100 மீட்டர் குறைத்துக் கொடுத்துவிட்டால், அது தரையில் சுமார் 275 மீட்டர் தள்ளிப் பார்க்கும். அங்கேயும் ஒரு வீடும் ஒரு வண்டியும் இருந்துவிட்டால் விமானி ஐயமின்றி "தெரிகிறது" என்பார். உயரம் வேறு வகையிலும் கணக்கைக் கெடுக்கும். 1999இல் கார்கிலில் நம் விமானப்படை சந்தித்த இலக்குகள் பல, 5,062 மீட்டர் உயரமுள்ள டைகர் ஹில் போன்ற சிகரங்களில் இருந்தன. அங்கே மெலிந்த காற்றில் குண்டும் ராக்கெட்டும் சமவெளிக் கணக்குப்படி விழவில்லை.

ஆறாம் வரியின் சிக்கல் இன்னும் எளியது, அதனாலேயே கொடியது. இருப்பிடத்தைப் பாகை, கலை (நிமிடம்), கலையின் தசமம் என்று எழுதும் முறையும், பாகை, கலை, விகலை (வினாடி) என்று எழுதும் முறையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 11 பாகை 55.50 கலை என்பதை 11 பாகை 55 கலை 50 விகலை என்று ஒருவர் பதிந்துவிட்டால், வடக்கு தெற்காக 600 மீட்டருக்கு மேல் பிழை வரும். புதுச்சேரி ஒயிட் டவுனில் அது பல தெருக்களைத் தாண்டிய தூரம். இரண்டாம் வரியிலும் இதுபோன்ற ஒரு பொறி உண்டு. திசை காந்த வடக்கை வைத்துச் சொல்லப்படுவது. நம் கடற்கரையில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் வேறுபாடு மிகச் சிறியது, நெவாடா வரைபடத்திலோ சுமார் 12 பாகை. எட்டுக் கடல்மைல் தூரத்தில் அது 3 கிலோமீட்டர் விலகலாகிவிடும்.

நம்மவர் இருக்கும் இடத்தைச் சொல்லும் எட்டாம் வரியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. "தெற்கே 900" என்றால், இலக்கிலிருந்து தெற்கே 900 மீட்டரில் நம்மவர் இருக்கிறார்கள் என்று பொருள். அதை நம்மவரிடமிருந்து இலக்கு தெற்கே என்று புரட்டிப் புரிந்துகொள்ளும் விமானி, தன் மூக்கை நம்மவர்மீதே திருப்பி நிற்பார். எனவே இந்த வரியை எழுதிக்கொண்டால் மட்டும் போதாது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். கட்டுப்பாடுகளில் வரும் இறுதித் தாக்குதல் திசையும் இதோடு சேர்ந்ததே. குண்டு பெரும்பாலும் பறக்கும் கோட்டின் நீளவாக்கில்தான் முன்னோ பின்னோ தவறும் என்பதால், நம்மவர் நிற்கும் வரிசைக்கு இணையாக வரச் சொல்வது வழக்கம். கார்கிலில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற ஆணை இருந்ததால், எந்தத் திசையிலிருந்து தாக்கலாம் என்ற தெரிவே சுருங்கிப்போனது. பாகூருக்கும் மண்ணாடிப்பட்டுக்கும் போகும் வழியில் மாநில எல்லையைக் கடந்தும் மீண்டும் பழகிய நமக்கு, தாண்டக் கூடாத ஒரு கோடு பாதையை எப்படி வளைக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

விளையாட்டுக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பதில் வைத்திருக்கிறேன்: இந்த விதிகள் எவையும் மேசையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதப்பட்டவை அல்ல. 2001 டிசம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தானின் காந்தஹாருக்கு வடக்கே, ஒரு ஜி.பி.எஸ். கருவியின் பேட்டரி மாற்றப்பட்டபோது அது தன் சொந்த இருப்பிடத்தைக் காட்டத் தொடங்கியது. அந்த எண்களே இலக்கு என்று மேலே போய், பி-52 விமானம் வீசிய 2,000 பவுண்டு குண்டு, அதைக் கேட்டவர்கள் மேலேயே விழுந்தது. மூன்று அமெரிக்க வீரர்களும் அவர்களுடன் நின்ற ஆப்கானியர் பலரும் இறந்தனர். 2003 மார்ச் 28 அன்று ஈராக்கின் பாஸ்ராவுக்கு வடக்கே, நாம் ஆசையாக ஓட்டும் அதே ஏ-10 வகை விமானங்கள் இரண்டு, பிரிட்டிஷ் கவச வண்டிகளைத் தாக்கின. நட்புப் படை என்று காட்டுவதற்காக அவற்றின்மேல் விரித்திருந்த ஆரஞ்சு நிறப் பலகைகளை விமானிகள் பார்த்தே இருந்தார்கள். அவற்றை ராக்கெட்டுகள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீரர் இறந்தார். 2014 ஜூன் 9 அன்று ஆப்கானிஸ்தானில் பி-1பி விமானம் ஒன்றின் குண்டுகளால் ஐந்து அமெரிக்கரும் ஓர் ஆப்கானியரும் இறந்த நிகழ்வில், நம்மவர் அணிந்திருந்த அகச்சிவப்பு மின்னொளியை அந்த விமானத்தின் பாட் கேமராவால் காணவே முடியாது என்பது உரிய நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. மூன்றிலும் வானொலி வேலை செய்தது. இரு தரப்பும் ஒரே இடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் உறுதிசெய்யப்படவில்லை.

அந்த உறுதிப்படுத்தலுக்கான பேச்சை டாக்-ஆன் என்பார்கள். பெரிய அடையாளத்திலிருந்து சிறியதற்கு, ஒவ்வொரு படியிலும் விமானியின் ஒப்புதலைப் பெற்று, இறங்கி வர வேண்டும். "காண்டாக்ட்" என்றால் சொன்ன அடையாளம் தெரிகிறது. "டாலி" என்றால் எதிரி இலக்கே தெரிகிறது. "விஷுவல்" என்றால் நம்மவர் தெரிகிறார்கள். மூன்றையும் கலந்து பேசுவது நம் குழுவின் வழக்கமாகிவிட்டது. இதைப் பழக நமக்கு எந்த மாட்யூலும் (சிமுலேட்டருக்கான கூடுதல் மென்பொருள்) வாங்கத் தேவையில்லை. நம் ஊரின் செயற்கைக்கோள் படத்தை இருவர் தனித்தனித் திரைகளில் திறந்து, ஆயுதமோ இலக்கோ இல்லாமல் அடையாளம் காணும் பயிற்சியாக மட்டும் செய்து பார்க்கலாம். கடலூரில் "கடலில் ஆறு சேரும் இடம் தெரிகிறதா" என்று கேளுங்கள். உடனே "காண்டாக்ட்" என்று பதில் வரும். அவர் பார்ப்பது தேவனாம்பட்டினத்தருகே கெடிலம் சேரும் இடமா, சில கிலோமீட்டர் வடக்கே தாழங்குடாவில் தென்பெண்ணை சேரும் இடமா என்பது அந்தப் பதிலில் இல்லை. நல்ல கட்டுப்பாட்டாளர் அங்கே நிற்காமல், "முகத்துவாரத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்" என்று விமானியைப் பேசவிடுவார். அவர் வாயால் வரும் விவரம்தான் சான்று. நம் விவரத்துக்கு அவர் போடும் ஆமாம் சான்றாகாது.

புதுச்சேரி இதைவிடக் கடினம். நேர்நேராக வெட்டிக்கொள்ளும் தெருக்கள் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், "மூன்றாவது குறுக்குத் தெரு" என்று தொடங்குகிறவர் தொலைந்தார். நகரைச் சுற்றி வளைக்கும் பூலவார்ச் சாலைகள், அதற்குள் வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால், வாய்க்காலுக்கும் கடலுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த பாரதி பூங்கா என்று வந்தால், நாலு வாக்கியத்தில் இருவரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். இடது வலது என்று சொல்லவே வேண்டாம்; வட்டமடிக்கும் விமானிக்கு அது நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். அளவுகோலையும் முதலில் நிறுவிக்கொள்ளுங்கள்: இந்தப் பூங்காவின் நீளம் ஓர் அலகு என்றால், அங்கிருந்து தெற்கே இரண்டு அலகு. டாக்-ஆனை நாம் தமிழிலேயே பேசலாம் என்பது என் கருத்து. அனுமதிச் சொற்களை மட்டும் இருக்கிறபடியே வைத்துக்கொள்வோம், ஏனெனில் ஆயுதத்தை விட அனுமதிக்கும் "க்ளியர்டு ஹாட்" என்பதும் தாக்குதலைக் கைவிடச் சொல்லும் "அபார்ட், அபார்ட், அபார்ட்" என்பதும் வேறு எந்தப் பேச்சோடும் கலக்கக் கூடாதவை. அபார்ட்டைத் தரையிலிருப்பவர் மட்டுமின்றி, அந்த அலைவரிசையில் இருக்கும் யாரும் சொல்லலாம். சொன்னால் வாதமின்றி விலக வேண்டும்.

கட்டுப்பாட்டு வகைகளைப் பற்றி நீட்டப்போவதில்லை. விமானத்தையும் இலக்கையும் தரையிலிருப்பவர் தன் கண்ணால் பார்த்து ஒவ்வொரு தாக்குதலையும் அனுமதிப்பது முதல் வகை. இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ பார்க்க முடியாத நிலையிலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே அனுமதிப்பது இரண்டாவது. ஒரே அனுமதியில் பல தாக்குதல்களுக்கு இடமளிப்பது மூன்றாவது. நாம் இரண்டாவதில் தொடங்கினால் போதும். மூன்றாவதைக் கேட்டு வற்புறுத்தும் நண்பர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மிஷன் அமைப்போரிடம் கேட்பவை வேறு. டி.சி.எஸ். சிமுலேட்டரில் கம்பைன்டு ஆர்ம்ஸ் என்ற தரைப்படை மாட்யூலை வைத்திருப்பவர்கள் அமர ஜேடாக் இருக்கை ஏற்கெனவே இருக்கிறது. அதை மிஷனில் திறந்துவிடுங்கள். பெயர்ப்பட்டைகளை நிறுத்திவிடுங்கள். வரைபடத்தில் படைகள் எவையும் தெரியாதபடி கட்டாய அமைப்பை இடுங்கள். நம்மவரையும் எதிரியையும் ஒரே வகை வண்டியில் ஏற்றுங்கள். நிஜத்தில் எதிரி நமக்கு வசதியாக வேறு வண்டி தேடி வருவதில்லை. இலக்கு அல்லாத லாரிகளும் பேருந்துகளும் சாலையில் ஓடட்டும். இரவு முடிவில் அழித்த வாகனங்களின் எண்ணிக்கை வாசிக்கப்படுவதை நிறுத்தி, விமானி தன் வருகையைக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லி செக்-இன் செய்ததிலிருந்து முதல் குண்டுவரை எவ்வளவு நேரமாயிற்று, திருப்பிப் படித்ததில் என்ன விடுபட்டது, தாக்கியபின் விளைவு முறையாகச் சொல்லப்பட்டதா என்று மட்டும் பேசுவோம். குண்டு வீசாமல் திரும்பிய விமானி அன்று சரியாகச் செய்தவராக இருக்கக்கூடும் என்பதற்கும் அந்தப் பேச்சில் இடம் இருக்கட்டும்.

இது அலுப்பூட்டும், புதியவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற மறுப்பு வரும் என்று அறிவேன். அரைமணி நேரம் வட்டமடித்து ஒரே ஒரு குண்டு போடுவது சிலருக்கு அலுப்புதான். அவர்களுக்காக மற்ற இரவுகள் இருக்கின்றன. ஆனால் புதியவர்களை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். விலையுயர்ந்த த்ராட்டில் என்ற வேகக் கைப்பிடியோ தலையசைவை உணரும் கருவியோ இல்லாத ஒரு கல்லூரி மாணவர், சாதாரண மடிக்கணினியும் மைக்கும் மட்டும் கொண்டு தரை இருக்கையில் அமர்ந்து, நான்கு ஏ-10சி விமானங்களை வழிநடத்த முடியும். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரின்போது, ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் ஹண்டர் விமானங்களுக்கு இலக்குகளைச் சுட்டிக்காட்டிய மேஜர் ஆத்மா சிங் பறந்தது கிருஷக் என்ற சின்னஞ்சிறு கண்காணிப்பு விமானத்தில்தான். நம் குழுவில் தரை இருக்கை, விமானம் கிடைக்காதவருக்கு ஒதுக்கும் இடமாக இருப்பது மாற வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்தவரை அங்கே முதலில் அமர்த்துங்கள்.

அடுத்த சி.ஏ.எஸ். இரவுக்கு அந்த இருக்கையை ஏற்க நான் முன்வருகிறேன். ஒன்பது வரிகளையும் கட்டுப்பாடுகளையும் எழுதிக்கொள்ள ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். அதை அச்சிட்டு முழங்காலருகே வைத்துக்கொண்டு வாருங்கள். மிஷன் அமைப்போர், உயரத்தைச் சொல்லும் நான்காம் வரியில் பூஜ்யம் வராத ஒரு மலைப்பகுதியாகத் தேர்ந்தெடுத்துத் தந்தால் நலம்.

இப்படிக்கு,
உங்களோடு பறக்கும் உறுப்பினர் ஒருவர்,
கடலூர்.