ஏசி வாங்குறதுக்கு முன்னாடி மொட்டை மாடியப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கோடை ஸ்பெஷல்ல எத்தனை டன் ஏசி வாங்கலாம், எத்தனை ஸ்டார் பார்த்து வாங்கணும்னு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. உபயோகமான விஷயம்தான். ஆனா வீடு ஏன் இவ்ளோ சூடாகுதுன்னு அதுல ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதுறேன். நான் சென்னைல வீட்டு பிளான் வரையிற வேலைல இருக்கேன், வர்றவங்க எல்லாருமே எலிவேஷன், அதாவது வீட்டு முகப்பு, இப்படி வேணும்னு போன்ல ஒரு படத்தக் காட்டுறாங்க, அந்த வீடு எந்த ஊர்ல இருக்கு, அங்க வெயில் எப்படின்னு யாரும் யோசிக்கிறதில்ல.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்க 13 டிகிரில இருக்கு. அதனால ஏப்ரல் கடைசில ஒரு தடவை, ஆகஸ்ட் நடுவுல ஒரு தடவை சூரியன் நடு உச்சிக்கு வருது, இடைப்பட்ட மாசங்கள்ல நமக்கு வடக்குப் பக்கமாத்தான் போகுது. அதாவது மே மாசம் தெக்குச் சுவர்ல நேர் வெயிலே படாது! வடக்குல வெயில் வராதுன்னு நெனச்சு அந்தப் பக்க ஜன்னலுக்கு சன்ஷேட் வேணாம்னு மிச்சம் பிடிக்கிறாங்க, அங்கதான் அக்னி நட்சத்திரத்துல வெயில் விழும். ஆனா எல்லாத்தையும் விட அதிகமா வெயில் வாங்குறது மொட்டை மாடி. அடுத்தது மேற்குச் சுவர்.

முன்னாடியெல்லாம் தளம் போட்டா அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு அங்குலத்துக்கு கெட்டியா அடிச்சு, அதுக்கு மேல தட்டையான சுட்ட ஓடு பதிப்பாங்க, மழைத்தண்ணிக்கும் ஆச்சு சூட்டுக்கும் ஆச்சு. இப்ப ஆள் கிடைக்கல, டைம் இல்ல, வெயிட் ஜாஸ்தின்னு சொல்லி வெறும் கான்கிரீட் மேல வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடிச்சுட்டுப் போயிடுறாங்க. அஞ்சாறு அங்குல கான்கிரீட் பகல் பூரா சூட்டக் குடிச்சிட்டு சாயங்காலத்துக்கு மேலதான் கீழ விட ஆரம்பிக்குது, மேல் மாடில இருக்கிறவங்களக் கேளுங்க, ராத்திரி ஒம்பது மணிக்கு ஃபேன் போட்டா சுடுகாத்துதான் வரும்னு சொல்வாங்க. தமிழ்நாட்டோட கரண்ட் தேவை 2024 மே மாசத்துல 20,000 மெகாவாட்டத் தாண்டிச்சு. ராத்திரில சோலார் கிடையாது, அந்த நேரத்துல பாத்து சூடான தளத்துக்குக் கீழ எல்லா பெட்ரூம்லயும் ஏசி ஓடுது. தளத்துக்கு ஒழுங்கா ஒரு மேல்பூச்சு இருந்தா அந்த லோடு எவ்ளோ கொறையும்னு யோசிச்சுப் பாருங்க. கையில காசு இல்லாதவங்களும் வருஷா வருஷம் பங்குனிக்குள்ள மாடில வெள்ளச் சுண்ணாம்பு அடிச்சாலே வித்தியாசம் தெரியும். தெலங்கானால 2023லயே கூல் ரூஃப் பாலிசின்னு, மாடி சூடாகாம பாத்துக்கறதுக்கான ஒரு கொள்கை கொண்டுவந்து அரசு கட்டடத்துக்கெல்லாம் கட்டாயம்னு சொல்லிட்டாங்க.

மேற்குச் சுவர் விஷயத்துல வாஸ்துவயும் சொல்லணும். கன்னி மூலைலதான் பெரிய பெட்ரூம் வேணும்னு கேப்பாங்க, தாராளமா வைக்கலாம், நான் யார் நம்பிக்கையிலயும் தலையிடுறதில்ல. ஆனா தென்மேற்கு மூலைன்னா மதியத்துல இருந்து அஸ்தமனம் வரைக்கும் அந்தச் சுவர்ல வெயில் அடிக்கும், அதுவும் சாஞ்ச வெயில், ரெண்டடி சன்ஷேட் அதத் தடுக்காது. அந்தச் சுவர்ல பெரிய ஜன்னல் வேணாம், உள்பக்கம் முழுக்க வார்ட்ரோப் வந்துட்டா அதுவே ஒரு தடுப்பு, வெளில இடம் இருந்தா ஒரு வேப்பமரமோ, ஓட்டை ஓட்டையா விட்டுக் கட்டுற ஜாலிச் சுவரோ வைக்கலாம். இதுக்கு எக்ஸ்ட்ரா செலவுன்னு பெருசா ஒண்ணும் இல்ல, பேப்பர்ல கோடு போடும்போதே யோசிக்கணும், அவ்ளோதான்.

அப்புறம் ஜன்னல். கடலோர ஊர்ல வேர்வை காயாது, அதுக்குக் காத்து மேல பட்டே ஆகணும். மதுரை, திருச்சி பக்கம் கோடைல காத்துல ஈரம் கம்மி, அங்க கனமான சுவரும் பகல்ல சாத்தி ராத்திரில தொறக்குற ஜன்னலும் நல்லா வேலை செய்யும், ஊட்டில வெயில உள்ள விடணும், ஆனா மூணு ஊர்லயும் இப்ப முகப்புல அதே கண்ணாடி, அதே ஏசிபிங்கிற அலுமினியத் தகடு! வீடுகளுக்குன்னு மத்திய அரசு 2018ல ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டிச்சு. நம்ம மாதிரி சூடும் ஈரமும் உள்ள ஊருக்கு, தரைப்பரப்புல ஆறுல ஒரு பங்காவது தொறக்குற ஜன்னல் இருக்கணும்னு அதுல இருக்கு. இப்ப எல்லாரும் போடுற யுபிவிசிங்கிற பிளாஸ்டிக் சட்டம் வச்ச ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் தொறக்கும். ஆறடி ஜன்னல்னு காசு குடுத்து மூணடி காத்துதான் வாங்குறோம், அதுவும் எதிர்ச் சுவர்ல வழி இல்லன்னா வந்த காத்து அப்படியே நின்னுடும்.

இதெல்லாம் பேச்சுக்கு நல்லாருக்கும், நடக்குமான்னு கேக்குறவங்க ஒரு தடவை பாண்டிச்சேரி போய் அரவிந்தர் ஆசிரமத்துக்காரங்க தங்குற கோல்கொண்டே கட்டடத்தப் பாருங்க. அன்டோனின் ரேமண்ட்ங்கிற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணி, அவர்கிட்ட வேலை பாத்த ஜார்ஜ் நகாஷிமா கூடவே இருந்து வேலையப் பாத்து, 1930கள்ல ஆரம்பிச்சு 1940கள்ல முடிச்சது, அதுவும் நம்ம சிமென்ட் கான்கிரீட்ல கட்டினதுதான். நீளப்பக்கம் வடக்கு தெக்கப் பாத்து நிக்குது, அந்த ரெண்டு பக்கமும் கண்ணாடியே கிடையாது, வேணும்னா தொறந்து வேணாம்னா மூடுற படுக்கைவசப் பலகைகள்தான் வரிசையா. ரூம் கதவும் இடுக்கு விட்டுச் செஞ்ச தேக்குக் கதவு, சாத்தினாலும் காத்து போகும். மேல்தளத்துக்கு மேல வளைஞ்ச கான்கிரீட் ஓடுகள இடைவெளி விட்டு அடுக்கி இருக்காங்க, வெயில் அதுல விழும், நடுவுல இருக்கிற காத்து சூட்ட வெளிய கொண்டு போயிடும். அதே கடற்கரை, அதே புழுக்கம், எண்பது வருஷமா ஏசி இல்லாம ஜனங்க தங்குறாங்க. கான்கிரீட்ட நான் குத்தம் சொல்லல, அத எப்படி வெயிலுக்குக் காட்டுறோம்ங்கிறதுதான் என் கவலை.

பிளான் அப்ரூவலுக்குப் போகும்போது செட்பேக் (சுத்தி விட வேண்டிய காலி இடம்), உயரம், பார்க்கிங், மழைநீர் சேகரிப்பு எல்லாம் கேக்குறாங்க, நல்லது. மழைநீர் சேகரிப்பு 2003ல கட்டாயமாக்கினப்ப முணுமுணுத்தவங்க எல்லாம் இப்ப பழகிட்டாங்க. அதே மாதிரி தளத்துக்கு என்ன மேல்பூச்சு, ஜன்னல் எவ்ளோ தொறக்கும், மேற்குல நிழலுக்கு என்ன ஏற்பாடுன்னு மூணு கேள்வி அந்த ஃபார்ம்ல வந்தா போதும், எங்கள மாதிரி பிளான் போடுறவங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட வேண்டியிருக்காது. உங்க பத்திரிகை இத எடுத்து அதிகாரிங்ககிட்ட கேக்கணும். அடுத்த கோடை ஸ்பெஷல்ல கடலோர ஊருக்கு ஒண்ணு, உள் மாவட்டத்துக்கு ஒண்ணு, மலைக்கு ஒண்ணுன்னு மூணு மாதிரி பிளான் அரைப்பக்கம் போடுங்க சார், மேஸ்திரிங்க அதக் கத்தரிச்சு சைட்ல வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை