பன்னிரு சார்பு தலைவிதி அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வெசாக்கையொட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் பௌத்தத்தின் பன்னிரு சார்பு பற்றி, அதாவது பேதைமை முதல் சாவு வரை ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் பன்னிரண்டு உறுப்புகளின் வரிசை பற்றி, ஒரு கட்டுரை வந்திருந்தது. பௌத்தம் என்றால் இங்கே விகாரை, காணி, சீருடை என்றுதான் நினைவு ஓடுகிறது. அதற்குக் காரணங்களும் இல்லாமல் இல்லை. அந்த நிலையில் கோட்பாட்டை எடுத்துப் பேச ஒருவர் முன்வந்ததே பெரிய காரியம். ஆனால் கட்டுரை முடிந்த விதம் சரியில்லை. போன பிறப்பில் செய்ததை இந்தப் பிறப்பில் அனுபவித்தே தீரவேண்டும், தப்ப வழியில்லை என்பதே பன்னிரு சார்பின் சாரம் என்று அது முடிகிறது. புத்தர் மறுத்த கொள்கையையே அவர் சொன்னதாக எழுதியாகிவிட்டது.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாளி நூல்களில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் நிபாதத்தில் (பகுதியில்) இது தெளிவாகவே இருக்கிறது. மனிதரைச் செயலற்றவர்களாக்கும் மூன்று கொள்கைகள் அங்கே எடுத்து மறுக்கப்படுகின்றன. இன்ப துன்பம் எல்லாம் முன்வினையால் வருகின்றன என்பது ஒன்று. எல்லாம் ஈசுவரன் படைப்பு என்பது இன்னொன்று. எதற்கும் காரணமே இல்லை என்பது மூன்றாவது. கொலையும் களவும்கூட முன்வினையால்தான் நடக்கின்றன என்றால் இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒருவருக்குச் சொல்வதற்கே இடமில்லை என்பது புத்தருடைய வாதம். இந்த மூன்றையும் தள்ளிவிட்டு, அதே உரையில்தான் சார்புத் தோற்றத்தை, அதாவது இந்தப் பன்னிரு சார்பை, சொல்கிறார்.

இன்னொரு தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்ற துறவி இதையே நேரடியாகக் கேட்கிறான். விடையாக எட்டுக் காரணங்கள் சொல்லப்படுகின்றன: பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றும் கூடிக் கெடுவது, பருவ மாற்றம், உடலைக் கவனியாமல் நடப்பது, பிறர் தாக்குதல், வினைப்பயன். வினை எட்டில் ஒன்றுதான். நெருப்புக் காய்ச்சல் வந்தவரைப் பார்த்து “எல்லாம் ஊழ்வினை” என்று தலையாட்டுவதற்குப் பௌத்தத்தில் சான்று தேடுவோர் இந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுத் தேடுவது நல்லது.

கோட்பாட்டின் பொது வாய்பாடு நாலே வரி. இது இருந்தால் அது இருக்கும். இது தோன்ற அது தோன்றும். இது இல்லையேல் அது இல்லை. இது ஒழிய அது ஒழியும். கட்டுரை முதல் இரண்டு வரியோடு நின்றுவிட்டது. தமிழில் இதற்கு நாம் வெளியே போகத் தேவையில்லை. மணிமேகலையின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் “பேதைமை சார்வாச் செய்கை ஆகும், செய்கை சார்வா உணர்ச்சி ஆகும்” என்று தொடங்கி (பேதைமை அறியாமை, உணர்ச்சி அறியும் உணர்வு) அருவுரு (மனமும் உடலும்), வாயில் (ஐம்பொறியும் மனமும்), ஊறு (தொடுகை), நுகர்ச்சி, வேட்கை, பற்று, கருமத் தொகுதி, தோற்றம் என்று மூப்பு, பிணி, சாக்காடு வரை கொண்டுபோகிறார். அதோடு நிறுத்தவில்லை. “பேதைமை மீளச் செய்கை மீளும், செய்கை மீள உணர்ச்சி மீளும்” என்று அதே வரிசையை ஒழியும் வழியிலும் முழுதாகச் சொல்கிறார். தப்ப வழியில்லாத தலைவிதியைத்தான் சொல்ல வந்தார் என்றால் இந்த இரண்டாம் பாதிக்கு அங்கே என்ன வேலை?

பேதைமை வரிசையில் முதலில் நிற்பதால் அதுவே உலகுக்கு ஆதிகாரணம் என்றும் கட்டுரை சொல்கிறது. மச்சிம நிகாயத்தின் சம்மாதிட்டி சுத்தத்தில் (சுத்தம் என்பது உரை, பாளியில் சுத்த) புத்தரின் சீடர் சாரிபுத்திரர் பேதைமைக்கும் ஒரு சார்பு சொல்கிறார்: ஆசவங்கள் எனப்படும் மனக்கசிவுகள். அந்த ஆசவங்களுக்குச் சார்பு எது என்றால், பேதைமை. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. தீக நிகாயத்தின் மகாநிதான சுத்தத்திலோ பேதைமையும் செய்கையும் வரிசையிலேயே இல்லை. வாயில் ஆறும் இல்லை. அங்கே ஒன்பது உறுப்புகள்தாம். உணர்வும் அருவுருவும் ஒன்றுக்கொன்று சார்பு என்று சொல்லி அதற்கு மேலே போகாமல் புத்தர் நிறுத்திவிடுகிறார். பன்னிரண்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, முதல் உறுப்பு எது என்று தேடுவது இந்த நூல்களின் போக்கோடு ஒட்டாது.

எங்கே அறுக்கலாம் என்பதே படிப்பவருக்கு உதவும் கேள்வி. மணிமேகலை பன்னிரண்டையும் நான்கு கண்டமாகவும், கண்டங்கள் பொருந்தும் இடங்களை மூன்று சந்தியாகவும் பிரிக்கிறது. பேதைமையும் செய்கையும் முதற் கண்டம். உணர்ச்சி, அருவுரு, வாயில், ஊறு, நுகர்ச்சி இரண்டாவது. வேட்கை, பற்று, கரும ஈட்டம் மூன்றாவது. பிறப்பு, பிணி, மூப்பு, சாவு நான்காவது. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய புத்தகோசரின் விசுத்திமக்கமும் இதே நான்கையும் மூன்றையும்தான் சொல்கிறது. இரண்டாம் கண்டம் வந்து சேர்ந்தது, விளைவு. மூன்றாம் கண்டம் நாம் இப்போது செய்வது. அடுத்த விளைவுக்கு வித்து. நுகர்ச்சியும் வேட்கையும் சந்திக்கும் இரண்டாம் சந்திதான் இன்றைக்கு, இந்த நேரத்தில், நம் கைக்கு எட்டும் இடம்.

யாழ்ப்பாணத்துக்குப் பழக்கமான ஒன்றை வைத்தே பார்க்கலாம். பக்கத்து வளவுக்காரர் வேலியடைக்கும்போது ஒரு கதியாலை அரை அடி இங்காலே தள்ளி நட்டுவிடுகிறார். காலையில் முகம் கழுவ வந்தவரின் கண்ணில் அது படுகிறது. கண், கதியாலின் உருவம், கண்ணுணர்வு ஆகிய மூன்றும் கூடுவது ஊறு. நெஞ்சுக்குள் ஒரு சூடு, தாடை இறுகுவது. அது துன்ப நுகர்ச்சி. இதுவரை அவர் எதையும் செய்யவில்லை. “இது இங்கே நிற்கக்கூடாது” என்று மனம் எழும்புவது வேட்கை. இல்லாமற் போக வேண்டும் என்று விரும்புவதும் வேட்கையில் ஒரு வகைதான். “அப்பு காலத்துக் காணி, என்ர காணி, என்னை ஆரெண்டு நினைச்சான்” என்று அது கெட்டியாவது பற்று. பற்றை நான்காகப் பிரிப்பார்கள்: புலனின்பம், கொள்கை, சடங்கும் விரதமும், நான் என்னும் கருத்து. இங்கே நாலாவதுதான் முழு வேலையும் செய்கிறது; அரை அடி நிலத்துக்கு அதில் பங்கு குறைவு. பிறகு ஒழுங்கைக்கு வந்து சத்தம் போடுவது, கதியாலைப் பிடுங்கி எறிவது, சட்டத்தரணியிடம் ஓடுவது எல்லாம் பவம், அதாவது மணிமேகலை சொல்லும் கருமத் தொகுதி. ஒரு “வழக்காளி” பிறந்துவிட்டார். இனி அவருக்கு மூப்பும் கவலையும் கையாறும் தவணைக்குத் தவணை வரும்.

மகாநிதான சுத்தம் வேட்கையிலிருந்து இப்படி ஒரு கிளைவழியையே தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. வேட்கையால் தேடல், தேடலால் பேறு, பேற்றால் இது எனக்கு இது உனக்கு என்ற தீர்மானம், அதனால் ஆசை, ஆசையால் ஒட்டுதல், அதனால் உடைமை, உடைமையால் கருமித்தனம், அதனால் காவல். காவல் வந்தபின் தடியெடுப்பது, ஆயுதம் எடுப்பது, சண்டை, கோள், பொய். பிறவிச் சக்கரம் பற்றிய உரைக்கு நடுவே வேலிச் சண்டை எப்படி உண்டாகிறது என்பதையும் சொல்லிவைத்திருக்கிறார்கள். இதை முற்பிறப்புக் கதையாக மட்டும் படித்தால் இந்தப் பகுதி வீணாகிறது.

அதற்காகக் காணியை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. உறுதியை எடுத்துப் பார்ப்பதும், நில அளவையாளரைக் கூப்பிட்டு அளப்பதும் வேட்கை இல்லாமலும் செய்யக்கூடிய காரியங்கள்.

நடைமுறையில் பெரும்பாலும் மூன்று இடத்தில் பிழைக்கிறது. சிலர் ஊறையே தடுக்கப் பார்க்கிறார்கள். பார்க்கமாட்டேன், கேட்கமாட்டேன் என்று ஒதுங்குவது. மச்சிம நிகாயத்தில் இந்திரியபாவனா சுத்தம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: காணாமலிருப்பதுதான் பயிற்சி என்றால் குருடரும் செவிடரும் முதலில் தேறியிருப்பார்கள். வேறு சிலர் நுகர்ச்சியை அமுக்குகிறார்கள். துன்பமே தோன்றக்கூடாது என்று பல்லைக் கடிப்பது, துன்பத்தின் மேல் இன்னொரு வேட்கையை ஏற்றுவது. வேட்கையை முற்றாக அறுத்த அருகர்களுக்கும் உடல்நோவு உண்டு. அவர்களிடம் இல்லாதது அடுத்த கண்ணி. மூன்றாவது பிழை பலர் கண்ணிலும் படுவதில்லை. இன்பமும் அல்லாத துன்பமும் அல்லாத நுகர்ச்சியை ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது. சூளவேதல்ல சுத்தத்தில் தம்மதின்னா என்ற பிக்குணி இதை வகுத்துச் சொல்கிறார்: இன்பத்தின் கீழே ஆசையும் துன்பத்தின் கீழே வெறுப்பும் உறங்குகின்றன; இரண்டுமற்றதன் கீழே உறங்குவது பேதைமை. ஒரு நாளின் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகையில்தான் போகிறது. எந்த வாயில் வழியாக வந்தது, மூன்றில் எந்த நுகர்ச்சி, உடம்பில் எங்கே தெரிகிறது, சொல்லி முடிக்குமுன் மாறிவிட்டதா என்று அந்த வரிசையில் பார்த்தாலே போதும். வேட்கை எழும்பிவிட்டால் பிந்திவிட்டது என்று விடவும் வேண்டாம். அது பற்றாக இறுகுமுன் பார்த்தாலும் வழக்குத் தாக்கலாகாது.

பன்னிரண்டும் நடப்பது மூன்று பிறப்பிலா, ஒரே கணத்திலா என்ற பழைய தர்க்கத்தைக் கட்டுரை தொடவில்லை. மணிமேகலையும் விசுத்திமக்கமும் மூன்று காலத்துக்குப் பரப்பிச் சொல்கின்றன. அபிதம்மத்தின் விபங்கம் என்ற நூல் அதோடு ஒரே சித்தத்துக்குள், அதாவது ஒரே மனக்கணத்துக்குள், நடப்பதாகவும் பிரித்துக் காட்டுகிறது. தாய்லாந்தின் புத்ததாசர் பிறவிக் கணக்கை ஒதுக்கி, ஒவ்வொரு தரமும் “நான்” என்பது எழும்புவதே பிறப்பு என்றார். எதை ஏற்றாலும் இரண்டாம் சந்தி இடம் மாறாது.

பள்ளியிலும் வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பன்னிரண்டு பெயரையும் பேதைமையிலிருந்து எழுதவைத்து மனப்பாடம் செய்விப்பதே வழக்கமாக இருக்கிறது. பிள்ளைகள் செய்கையிலிருந்து உணர்வு எப்படி வரும் என்ற இடத்தில், அதாவது இரண்டாவது படியிலேயே, முட்டி நிற்கிறார்கள். வரிசையில் மிகக் கடினமான இடமே அதுதான். புத்தர் அந்தப் பக்கமிருந்து தேடவில்லை. மூப்பும் சாவும் எது இருப்பதால் இருக்கின்றன என்று கேட்டார், பிறப்பு இருப்பதால். பிறப்பு எதனால் என்று அங்கிருந்து மேலே ஏறினார். முதற் பாடத்தில் ஊறு, நுகர்ச்சி, வேட்கை, பற்று ஆகிய நாலையும் மட்டும் எடுத்து, பிள்ளைகள் அன்றாடம் காணும் ஒரு சண்டையில் பொருத்திக் காட்டினால் மீதி எட்டுக்கும் பிடி கிடைக்கும். பேதைமையை விளக்கவும் சாத்தனார் நல்ல வரி வைத்திருக்கிறார்: “முயற்கோடு உண்டெனக் கேட்டது தெளிதல்”. முயலுக்குக் கொம்பு உண்டென்று யாரோ சொன்னதை நம்பிவிடுவது. கைத்தொலைபேசியில் வருவதையெல்லாம் அப்படியே அனுப்பும் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரைவிலக்கணம் கிடைக்காது.

சைவ சித்தாந்தம் இக்கோட்பாட்டை எப்போதோ தோற்கடித்துவிட்டது என்று கட்டுரைக்கு ஒரு வாசகர் பதிலெழுதியதும் வந்திருந்தது. சித்தாந்த நூலான சிவஞானசித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கம், சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்று பௌத்தப் பிரிவினர் நால்வரையும் தனித்தனியே நிறுத்தி மறுக்கிறது. எதிராளியை அவ்வளவு நுணுக்கமாக வகுத்துக்கொண்டு வாதிட்ட மரபு அது. அந்த நூலுக்கு உரை எழுதிய ஞானப்பிரகாசர் நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தவர். ஆன்மா இல்லையென்றால் வினைப்பயனை நுகர்வது யார் என்ற சித்தாந்தக் கேள்வி கனமானது. பௌத்தர்களும் அதற்குக் காலங்காலமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பௌத்தம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் தோற்கடிப்பதற்கு, அந்த நூலை இயற்றிய அருணந்தி சிவாசாரியாரைச் சாட்சிக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

கட்டுரையோடு வந்த படம் திபெத்திய மரபின் பவச்சக்கரம், பன்னிரண்டு உறுப்புகளையும் விளிம்பில் வரைந்து காட்டும் பிறவிச் சக்கரம். நடுவில் ஒன்றையொன்று கௌவிக்கொண்டிருக்கும் சேவலும் பாம்பும் பன்றியும் ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றைக் குறிப்பவை. படக்குறிப்பில் அச்சிட்டிருப்பதுபோல முற்பிறவிகள் அல்ல. விளிம்பில் கண்ணில் அம்பு தைத்த மனிதன் நுகர்ச்சி. அவனைப் போரில் இறந்தவன் என்று எழுதியிருப்பதும் திருத்தப்பட வேண்டும்.

படக்குறிப்புத் திருத்தத்தை அடுத்த ஞாயிறு பதிப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் மணிமேகலை முப்பதாம் காதையில் “பேதைமை சார்வா” முதல் “பேதைமை மீள” ஈறாக உள்ள இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கமாக, அருஞ்சொற்பொருளோடு அச்சிட்டால் மாணவர்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
வாசகர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்