பொருள்: எடை குறைவு என்று சொல்லி விற்ற ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) குறித்த புகார்

விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் யெல்லோநைஃபிலிருந்து கிளம்பும் இன்கிரஹாம் டிரெயில் சாலை டிபிட் ஏரியோடு முடிகிறது. அதற்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் மரக்குடில்களுக்குச் சாமான் ஏற்றிப்போய்ப் பழுதுபார்ப்பது என் வேலை.

நவம்பரில் உங்கள் கடையில் நான் கேட்டது இரண்டே விஷயம். மாட்டிக்கொண்டால் ஒற்றை ஆளாய் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்க முடியவேண்டும். ஒரு டேங்க் பெட்ரோலில் போய்த் திரும்பவேண்டும். விசிறியால் குளிரும் சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டியைத்தான் காட்டினேன். "அது பெட்ரோலைக் குடிக்கும்" என்று சொல்லி, 24 அங்குல அகல ட்ராக் (வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை) உள்ள ஃபோர் ஸ்ட்ரோக்கை என் தலையில் கட்டினார் உங்கள் விற்பனையாளர். குடிக்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எடை என்னவென்று கேட்டதற்கு, விளம்பரத் தாளில் 300 கிலோ என்ற இடத்தில் விரலை வைத்தார். அது பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் ஊற்றாத வெறும் வண்டியின் எடை என்று சொல்லவில்லை. டேங்க் நிரப்பி, கொக்கியும் கேரியரும் மாட்டி எடை போட்டால் 362 கிலோ.

ஜனவரியில், மைனஸ் 34 டிகிரியில், ஏரி நடுவே, பனிக்கு அடியில் நின்ற தண்ணீரில் ட்ராக் புதைந்தது. மேலே குவிந்த பனியின் பாரத்தால் ஐஸ் அமுங்கி, விரிசல் வழியாகத் தண்ணீர் ஏறி நிற்கும். பனி போர்வைபோல் மூடியிருப்பதால் உறையாது. மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைதான். பழைய வண்டி என்றால் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். இது இம்மிகூட அசையவில்லை. கரைக்கு நடந்துபோய் ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை வெட்டி வந்து அடியில் செருகி வெளியே எடுப்பதற்குள் ட்ராக்கும் சக்கரங்களும் ஒரே ஐஸ் கட்டி. கோடரியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி உடைத்தேன். மொத்தம் மூன்று மணி நேரம்.

அப்புறம் எஞ்சின் சூடு. ட்ராக் வாரியடிக்கும் பனி பட்டால்தான் இதன் கூலன்ட் குளிரும். காற்று பனியைத் துடைத்துவிட்ட வெறும் ஐஸில் சிவப்பு விளக்கு எரிகிறது; கரையோரப் பனியைத் தேடி ஓடவேண்டியிருக்கிறது. ஏரிகள் நிறைந்த ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதா?

பெட்ரோல் விஷயத்தில், இறுகிய பாதையில் நீங்கள் சொன்ன கணக்கு சரி. 150 கிலோ ஸ்லெட்டை (பனியில் சறுக்கும் சாமான் வண்டி) இழுத்துக்கொண்டு புதுப் பனியில் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கிறது. அதற்காக 20 லிட்டர் கேன் ஒன்று கூடவே வருகிறது, இன்னும் 15 கிலோ.

வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நான் முதலில் காட்டிய மாடலைக் கொடுத்து விலை வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள். அது கையிருப்பில் இல்லையென்றால் முழுப் பணமும் வேண்டும். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வரவில்லையென்றால் நுகர்வோர் அலுவலகத்துக்குப் போவேன். எடைச் சீட்டு, ரசீது நகல், ஏரியில் எடுத்த படங்கள் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்