உதவிக்கு நட்சத்திரம் வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். மதிப்பெண் அட்டை இந்த வாரம் வீட்டுக்கு வரும், பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

சென்ற கூட்டத்தில் ஒரு தகப்பனார் கேட்டார்: "நல்லாப் படிச்சாப் பரிசு, ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சாப் பரிசு. அடுத்த புள்ளைக்கு உதவி செய்யுற புள்ளைக்கு மட்டும் ஏன் சார் ஒண்ணும் கிடையாது?" நியாயமான கேள்விதான். வகுப்புக்கு ஒரு அட்டை மாட்டி, உதவி செய்த பிள்ளையின் பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒட்டலாம் என்று யோசனையும் வந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நட்சத்திரம் ஒட்ட ஆரம்பித்தால், கீழே விழுந்தவனைத் தூக்கும் முன் டீச்சர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் முதலில் வரும். போதாததற்கு, பிள்ளைகள் செய்யும் உதவிகளில் ஆகச் சிறந்தவை அட்டையில் எழுத முடியாதவை. ஒரு முறை (எந்த ஆண்டு என்று சொல்லமாட்டேன்) எட்டாம் வகுப்பில் பாடம் நடக்கும்போதே ஒரு பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. தோழிகள் சிலர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, அவளை நடுவில் விட்டுச் சுற்றி நடந்து கழிப்பறை வரை கூட்டிப் போனார்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியருக்கே பிறகுதான் விஷயம் புரிந்தது. இதற்கு யார் பெயருக்கு நேரே என்ன ஒட்டுவது?

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்ததிலிருந்து, காலையிலும் மதியத்திலும் தட்டுக் கழுவும் குழாயடியில் கூட்டம்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழாய் எட்டாது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தட்டைக் கழுவிய பிறகும் அங்கேயே நின்று, சின்னப் பிள்ளைகளுக்குக் குழாயைத் திறந்து மூடுகிறான். நான் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறம் வளர்த்தாள் என்பது ஐதீகம். அந்த முப்பத்திரண்டில் மடம் கட்டுவதும் குளம் வெட்டுவதும் உண்டு. அதே வரிசையில் தலைக்கு எண்ணெய் கொடுப்பது, முகம் பார்க்கக் கண்ணாடி கொடுப்பது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கொடுப்பது, மாடு உடம்பை உரசிக்கொள்ளக் கல் நடுவது எல்லாம் இருக்கின்றன. குளம் வெட்டக் காசு வேண்டும். சுண்ணாம்புக்கு என்ன செலவு? பழைய பாதைகளில் இன்றும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. பிள்ளைப்பேறுக்கு முன்பே இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் தானே இறக்கி வைத்து, இளைப்பாறி, தானே மறுபடி ஏற்றிக்கொண்டு போகலாம். யாருக்கும் நன்றி சொல்லக்கூடத் தேவையில்லை.

பிறந்தநாளுக்கு நோட்டு, பென்சில் கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மனசு எனக்குத் தெரியும். ஆனால் வாங்கும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். அந்தப் படத்தை அந்தப் பிள்ளையின் தெருவே பார்க்கும். பொருளை அலுவலக அறையில் கொடுங்கள், தேவைப்படும் கைக்கு நாங்கள் சேர்த்துவிடுவோம். அதேபோல், உன் டிபனில் பாதியைக் கொடு என்று வீட்டில் கட்டாயப்படுத்தி அனுப்பவும் வேண்டாம். பசியோடு கொடுத்துவிட்டு அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது எங்கள் பாடு.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். சத்துணவுச் சமையலர் அம்மாவையும், தூய்மைப் பணிக்கு வரும் அண்ணனையும் சில பிள்ளைகள் "ஏய், இங்க வா" என்று கூப்பிடுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஐம்பது வயதுக்காரரை. ஆசிரியரிடம் "வாங்க சார்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மரியாதை தெரியாது என்று சொல்ல முடியாது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று யாரோ பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஊரில் சிலரை வயது பார்க்காமல் ஒருமையில் கூப்பிடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நமக்கு நன்றாகவே தெரியும். பள்ளி வாசலுக்குள் அதற்கு இடமில்லை. இங்கே வேலை செய்யும் எல்லோரும் பிள்ளைகளுக்கு அம்மா, அக்கா, அண்ணன். எல்லோருக்கும் "வாங்க, போங்க"தான். வகுப்பில் நாங்கள் எவ்வளவு சொன்னாலும், குப்பை வண்டி வரும்போதும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடும்போதும் உங்கள் வாயிலிருந்து வருவதுதான் பிள்ளையின் காதில் நிற்கும். கோபம் வரலாம். கோபத்திலும் "நீங்க" என்று பேச முடியும்.

சாயங்காலம் மார்க்கைப் பற்றிக் கேளுங்கள், தவறில்லை. கூடவே, "இன்னைக்கு உன் பக்கத்துல யாரு வரல?" என்றும் கேளுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் என்னவென்று ஒரு போன் போட்டுச் சொல்ல உங்கள் பிள்ளைக்கே தோன்றும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையைப் பற்றி எங்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்தால், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். குழாயடியில் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இன்னும் இரண்டு குழாய் போடத் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். பிளம்பிங் வேலை தெரிந்த அப்பாக்கள் யாராவது அரை மணி நேரம் முன்னதாக வந்து அளவு பார்த்துச் சொன்னால் நல்லது.

அன்புடன்,
தலைமையாசிரியர்