அடகிலிருந்து மீண்ட சங்கிலி

தண்டையார்பேட்டை

அன்புள்ள சந்தானம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருந்தை நடுவில் நிறுத்திவிடாதே.

"கம்ப்யூட்டர் கம்பெனிகள் அமெரிக்காக்காரனுக்கு உழைக்கின்றன, நம் நாட்டுக்கு என்ன வந்தது?" என்று கேட்டிருந்தாய். நான் அப்படி நினைக்கவில்லை.

மில் மூடிய வருடம் உனக்கு மறந்திருக்காது. லட்சுமியின் இரட்டைவடச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தேன். வட்டி கட்டிக் கட்டியே வருடங்கள் ஓடின. மடித்து மடித்து ரசீது நான்கு துண்டாகக் கிழிந்து, சோற்றுப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தேன். மகள் கவிதா தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் அதை மீட்டு வந்து அம்மா கழுத்தில் போட்டாள். அன்று லட்சுமி சமைக்கவே இல்லை, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நாடும் ஒரு நாள் அப்படித்தான் அடகுக் கடை வாசலில் நின்றது. 1991-இல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் இருந்தது. ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் வைத்துக் கடன் வாங்கினார்கள். மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் என்ற அரசு அமைப்பு பிறந்ததும் அதே வருடம்தான். அன்று மென்பொருள் ஏற்றுமதி ஆண்டுக்கு இருபது கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. இன்று ஐ.டி. துறையின் ஏற்றுமதி 20,000 கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. பெட்ரோலும் தங்கமும் வாங்கி விழும் டாலர் பள்ளத்தைப் பெருமளவு நிரப்புவது இந்தப் பணமும், வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் பணமும்தான்.

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா கூடையோரம் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார். பணம் வந்ததும் அது தொகையைச் சொல்கிறது. அவர் தலையை நிமிர்த்தாமல் அடுத்த வஞ்சிரத்தை வெட்டுகிறார். 2016-இல் வந்த, போனிலேயே பணம் அனுப்பும் இந்த யு.பி.ஐ. முறை நம்மவர்கள் நமக்காகச் செய்தது, சந்தானம்.

மனக்குறை இல்லாமல் இல்லை. நம் மில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் வேலை கொடுத்தது, தெருவே அதில் சாப்பிட்டது. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்; நாட்டில் உழைப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான். பட்டமும் ஆங்கிலமும் இல்லாத நம் தெருப் பையன்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். கட்டடங்களும் டைடல் பார்க் தொடங்கி சிறுசேரி வரை சென்னையின் தெற்கேதான் எழுந்தன. வடக்கே நமக்கு அனல்மின் நிலையச் சாம்பல். கவிதா இன்றும் பஸ்ஸில் கடற்கரை நிலையம் போய், அங்கிருந்து பறக்கும் ரயில் பிடிக்கிறாள். போக வர மூன்று மணி நேரம். அந்த வேலைகளில் கொஞ்சமாவது இந்தப் பக்கம் வரவேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பங்குனியில் பேத்திக்குக் காது குத்துகிறோம். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. நெத்திலி வறுத்து வைப்பதாக லட்சுமி சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
முருகேசன்